ஞாயிறு மதியம் காபரே

எல் கமினோ சாலையில் ஒவ்வொரு சிக்னலும் எனக்கென்றே சிவப்பில் நின்றது. நஞ்சுண்டன் பாட எழுவதற்கு முன் போய் அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் க்ரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் விசாவையும் கம்பெனியையும் நக்கலடித்துப் பாட்டுக் கட்ட எந்தப் புருஷனுக்காவது புத்தி போகுமா? யாராவது படம் பிடித்து நெட்டில் போட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காபரே ஆடப்போகிறேன் என்று அவன் முதலில் சொன்னபோது சிரித்துவிட்டேன். பழைய படங்களில் வில்லன் சுருட்டுப் பிடிக்க, ஒருத்தி ஜிகினா உடையில் ஆடுவாளே, எனக்குத் தெரிந்த காபரே அதுதான். உன் தொப்பைக்கு எத்தனை கஜம் ஜிகினா வேண்டும் என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. பாரிஸில் அது முதலில் ஒயின் கடைதானாம். கவிஞர்களும் ஓவியர்களும் அங்கே கூடி, குடிப்பவர்களுக்கு நடுவிலேயே நின்று மந்திரியையும் பாதிரியையும் கிண்டலடித்துப் பாடினார்களாம். ஜிகினாவெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டதாம். பெர்லினில் நாஜிகளைக் கேலி செய்த சிலரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள் என்றான். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. சிறை மட்டும் என் காதிலேயே நின்றுவிட்டது.

அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அவன் ஒத்திகைக்குப் போகும் ஞாயிறுகளில் சத்சங்கம் போயிருக்கிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தேன். இன்று பக்கத்து வீட்டு ஹம்சா போன் பண்ணி, நாங்களும் சத்சங்கத்தில்தான் இருக்கிறோம், உங்கள் வீட்டுக்காரரைக் காணோமே என்றாள். மானம் போயிற்று. காரை எடுத்தேன்.

சான் ஹோசேயில் அந்த ஒயின் பாரின் பின்கூடத்துக்குள் நான் நுழைந்தபோது நஞ்சுண்டன் பாடிக்கொண்டிருந்தான். மேடை என்று தனியாக எதுவும் இல்லை. மேசைகளுக்கு நடுவே ஒரு பியானோ, ஆள் நிற்க இடம். பக்கத்து மேசைப் பெண் போனை உயர்த்திப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து இறக்கப் போனேன். அதற்குள் பாட்டில் என் அப்பா வந்துவிட்டார்.

விசாச் சிக்கலில் நாங்கள் ஊருக்குப் போக முடியாமல்போன கதை. போனில், வீடியோவில், அப்பாவின் உடலை வீட்டிலிருந்து தூக்குகிறார்கள். லேப்டாப்பில் என் ஆபீஸின் ராத்திரி மீட்டிங். மியூட்டில் அழுதுகொண்டிருந்த என்னை மேனேஜர் கூப்பிட, மியூட்டை எடுத்து வேலை நிலவரம் சொல்லி, திரும்ப மியூட்டில் போட்டுக்கொண்டு அழுதேன். அதை அவன் ஆங்கிலத்தில் ராகம் போட்டுப் பாடினான். கூடம் சிரித்தது. சிரிப்பு பாதியில் அடங்கிப்போனது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது எனக்கு. என் அப்பாவின் சாவை எடுத்துப் பாட இவன் யார்? அந்த ராத்திரியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் கதவோரம் நின்று பார்த்தான் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான். மேசைகளுக்கு நடுவே புகுந்து என்னிடம் வந்து, மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தமிழில் பேசினான்.

"ஸ்வர்ணா, வேணாம்னா சொல்லு. இங்கயே ஸ்டாப் பண்ணிடறேன்."

இழுத்துக்கொண்டு போக வந்தவள் நான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவரும் வீட்டுக்குப் போய்விடலாம். கார் சாவியைப் பக்கத்து மேசையில் வைத்தேன். அவன் பொத்தியிருந்த கையை எடுத்து மைக்கை என் பக்கம் நீட்டினான்.

"அன்னிக்கு மேனேஜர் கேட்டப்போ என்ன சொன்ன?"

பக்கத்து மேசைப் போன் என் பக்கம் திரும்பியது. அதில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நான் மைக்கைப் பிடித்தேன். வார்த்தைக்கு முன்னால் மூச்சுதான் வந்தது. மூலையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அது கூடம் முழுவதும் கேட்டது.