பதினேழாம் எண் வண்டியின் கடைசி முந்நூற்று அறுபது கிலோமீட்டர்

சான் தாமசோ நகராட்சியின் பதினேழாம் எண் போலீஸ் வண்டி, ஒரு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்து நின்றது. அன்றைக்கு எலுமிச்சை விலை இறங்கியிருந்தது. சந்தையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வண்டி ஏன் எழும்பியது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு மேயர் வருவார். வந்ததும் போலீஸ் வண்டிகளுக்குத் தன் கட்சி வண்ணத்தைப் பூசச் சொல்வார். புது வண்டி வாங்க எடுத்துவைத்த பணம் அதிலேயே கரைந்துவிடும். பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் அரக்கு என்று ஒன்பது பூச்சு ஆகியிருந்தது. அதற்குள் உப்புக் காற்றில் இரும்பு முழுக்கத் துருவாகி உதிர்ந்துபோனது. என்ஜின் போனது, அடித்தட்டு போனது. நான்கு சக்கரமும், ஸ்டியரிங்கும், கிலோமீட்டர் காட்டும் மீட்டரும் போக மிச்சமிருந்தது வெறும் வண்ணம்தான். வண்ணத்துக்கு என்ன கனம் இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

நகராட்சி வண்டிக் கொட்டகையில் பதிவேடு எழுதுகிறவள் எவோதியா. ஐம்பத்தெட்டு வயது. எந்த வண்டியை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு அக்டோபரிலும் பட்டியல் எழுதிப் பொருளாளரிடம் கொடுப்பது அவள் வேலை. பதினேழாம் எண்ணை ஓட்டியவன் அவள் தம்பி நாபோர், தாய் போன பிறகு அவள் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. ஊரில் இருந்த நாலு வண்டியில் இரண்டு செங்கல் மேல் நின்றன. ஒன்று மேயருக்குப் பின்னால் போனது. ஆக அவனுக்கு இதுதான். வடக்குக் காற்று வீசினால் வண்டி போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பவும் செய்யும். நிற்க மட்டும் நிற்காது. தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன ஆகப்போகிறது? விளக்குக் கம்பத்தில் கயிறு வீசி மாட்டித்தான் நிறுத்துவான். மறு பிப்ரவரியில் காற்று வெறிகொண்ட ஒரு நாள் கயிறு தப்பிவிட்டது. வண்டி ஒரு பானைக் கடைக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தது. கடைக்காரி இறால் வாங்கப் போயிருந்ததால் உடைந்தது பானைதான். அடுத்த தடவை பானையாக இருக்காது என்று நினைத்த எவோதியாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அக்டோபர் வரை பொறுக்காமல் ஏப்ரலிலேயே பொருளாளர் அகாபிதோவிடம் போய் நின்றாள்.

“பெட்ரோல் கேக்குதா, டயர் கேக்குதா? நம்மகிட்ட இருக்கறதுலயே ஒழுங்கான வண்டி அதுதாம்மா” என்றார் அவர்.

“நிக்க மாட்டேங்குதே ஐயா.”

“நிக்கணும்னு விதியில எங்க இருக்கு? ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கணும்னுதான் இருக்கு. அது ஆயிட்டா புது வண்டிப் பணத்தை மேயரே வந்தாலும் பெயிண்டுக்குத் தொட முடியாது. உன் வண்டிக்கு இன்னும் முந்நூத்தறுபது பாக்கி.”

“சக்கரம் சுத்தினாத்தானே மீட்டர் ஓடும்? அது அந்தரத்துல தொங்குது.”

“அது உன் பாடு, உன் தம்பி பாடு” என்று அவர் அடுத்த கோப்பைத் திறந்தார். கெட்ட மனுஷர் இல்லை. இருபது வருஷமாக எல்லாருக்கும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்.

மறுநாள் மதியம் எவோதியா ஒரு முக்காலியைப் போட்டு வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, முன் சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர். நாளைக்கு அறுநூறு சுற்று. விட்ட நாளெல்லாம் போகப் பதினான்கு மாதம் சுற்றினாள். முதலில் தோள் வலித்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு எது வலிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“என்னைவிட நீதான்க்கா ஜாஸ்தி வண்டி ஓட்டறே” என்பான் நாபோர்.

“வாயை மூடிட்டுக் கயித்தைப் பிடிடா. காத்து இழுக்குது பாரு.”

அகாபிதோ ஒருநாள் கொட்டகைப் பக்கம் வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதெல்லாம் ஓடின கணக்குல வருமா?” என்று கேட்டார்.

“கிலோமீட்டர்னுதான் எழுதியிருக்கீங்க. யாரு சுத்தணும்னு எழுதலையே.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நடுவில் புது மேயர் வந்தார். பத்தாவது பூச்சு, ஆரஞ்சு. வண்டி இன்னும் ஒரு சாண் எழும்பியது. எவோதியா முக்காலியை மாற்றி, உயரமான நாற்காலி போட்டுக்கொண்டாள்.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் மீட்டர் இரண்டு லட்சத்தைக் காட்டியது. அக்டோபரில் பட்டியல் போனது, டிசம்பரில் சபை கை தூக்கியது, மறு மே மாதம் புது வண்டி வந்தது. அதுவரைக்கும் நாபோர் கயிறு வீசிக்கொண்டுதான் இருந்தான். அவன் கொட்டகைக்குத் திரும்பும் வரை எவோதியா தினமும் அதன் வாசலில் நின்றாள். பழையதைக் கழிக்கும் நாளில் காயலான் கடைக்காரர் அதைத் தராசில் ஏற்றப் பார்த்தார். தட்டு அசையவில்லை. எடையில்லாததை வாங்க முடியாது என்றார். அவிழ்த்து விட்டார்கள். அது மெதுவாக மேலே போய் நகராட்சிக் கட்டடத்துக்கு மேல் நின்றது. பதிவேட்டில் ‘இருக்குமிடம்’ என்ற கட்டத்தில் ‘ஊருக்கு மேலே’ என்று எவோதியா எழுதினாள். மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கும் அது வெயிலை மறைத்தால், துணி காயப்போடுகிற பெண்கள் நகரட்டும் என்று கொஞ்சம் பொறுத்திருப்பார்கள்.

புது வண்டி ஓட்டிய முதல் நாள் சாயங்காலம் நாபோர் அக்காள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சோள அப்பளமும் பீன்ஸும் உப்பிறாலும் வைத்திருந்தாள். இரண்டாவது அப்பளத்தை மடித்தபடி சொன்னான்.

“அக்கா, இன்னிக்கு சிக்னல்ல நின்னேன்.”

“எவ்வளவு நேரம்?”

“பச்சை விழற வரைக்கும்.”

எவோதியாவின் வலது கை கரண்டியைப் பிடிக்க மறந்து நாளாகியிருந்தது. இடது கையால் இன்னும் கொஞ்சம் இறால் அள்ளி அவன் தட்டில் வைத்தாள்.