நடக்க விடாத வீடு

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்குப் போகத் தெம்பிருக்காது. அப்படிப்பட்ட முதியவர்களைச் சில வாரங்கள் வைத்துத் தேற்றியனுப்பும் மையம் அது. அங்கே கவனிப்பு எப்படி என்று மதிப்பிட வந்த அதிகாரிக்குக் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. சாப்பாடு சூடாக வந்தது. பிசியோதெரபி பெண் வம்பளந்துகொண்டே நடை பழக்கினாள். நல்ல மதிப்பெண் போட்டுவிடலாம்தான். மனசு கேட்காமல், அங்கே தேறிப் போன ஒருவரை வீட்டில் பார்க்கக் கிளம்பினாள் அதிகாரி.

இடுப்பெலும்பு முறிந்து தேறிய பழைய பஸ் டிரைவர் அவர். மையத்தில் நடந்த வேகத்துக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வாங்கியவர். வீட்டிலோ நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கதவுக்குப் பின்னால் வாக்கரின்மேல் துண்டு காய்ந்தது.

“எப்படிப் பாத்துக்கிட்டாங்க ஐயா?”

“தங்கமா பாத்துக்கிட்டாங்கம்மா. குறை சொன்னா நாக்கு அழுகிடும்.”

“இப்ப நடக்குறீங்களா?”

அவர் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். “பர்மிட் கிடைக்கலை.”

ஈரக் கையைத் துடைத்தபடி மனைவி வந்தார். “நான்தாம்மா எழுந்திரிக்க விடலை. இவரு மலை மாதிரி, நான் குச்சி மாதிரி. விழுந்தா யாரு தூக்குறது? போன தடவை பக்கத்துல உக்காந்து அழத்தான் முடிஞ்சுது.”

“மையத்துல உங்களுக்கு எதுவும் சொல்லித் தரலையா?”

“மாத்திரை எப்பன்னு சொன்னாங்க. என் பயத்தை யாரு கேட்டாங்க?”

அதிகாரிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அவளும் கேட்டதில்லை.

அவள் போட்ட குறைந்த மதிப்பெண் மையத்து மேலாளருக்குப் பிடிக்கவில்லை. “நடக்க வச்சுத்தானே அனுப்பினோம் மேடம்?”

“நடக்க வச்சீங்க சார். நடக்க விடுறதுக்கு அந்தம்மாவைத் தயார் பண்ணலையே. நானும் இதுவரைக்கும் கவனிக்கலை.”

மேலாளர் முணுமுணுத்தாலும் பிசியோதெரபி பெண்ணை அந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார். அதிகாரியும் கூடப் போனாள். அந்தப் பெண் கூடத்தில் தொப்பென்று விழுந்து காட்டினாள்.

“தூக்கக் கூடாதும்மா. முதல்ல எங்கயாவது வலிக்குதான்னு கேளுங்க. வலிச்சா அசைக்காம எங்களைக் கூப்பிடுங்க. வலி இல்லைன்னா நாற்காலியைப் பக்கத்துல போட்டு, ஒருக்களிச்சு முட்டி போடச் சொல்லுங்க. அவரே பிடிச்சு எழுந்துருவாரு.”

இரண்டு தடவை தடுமாறி, மூன்றாம் தடவை அந்த அம்மா அவளை எழுப்பியே விட்டார். பிறகு மூச்சு வாங்க, வாக்கரை எடுத்துக்கொண்டு கணவர் முன்னால் போய் நின்றார்.

“எந்திரிங்க. வாசல் வரைக்கும் போவோம்.”

அவர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். மனைவியின் கை அவர் முதுகைத் தொடாமல் கூடவே போயிற்று. முகத்தில் பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் ‘உக்காருங்க’ என்று மட்டும் சொல்லவில்லை.