பதின்மூன்றாவது படம்

ஒன்றேகால் மணிக்கு ஸ்கேன் அறைக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு ஜெல் அக்கா தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். பதினோரு வருடத்தில் அந்தக் கட்டிலில் எத்தனை ஆயிரம் பெண்களைப் படுக்க வைத்திருப்பாள்! தான் படுப்பது இதுதான் முதல் தடவை. படுத்த பிறகுதான் தெரிந்தது, தலைமாட்டு மெத்தை கல்லாக இருக்கிறது என்று. ஒருத்தியாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

ஜெல் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வைத்து, மேலே தடவும்போது உடம்பு சிலிர்க்காத பக்குவத்தில் தடவுவாள் என்பதால் வந்த பெயர் அது. ஆனால் தனக்கென்று வந்தபோது சூடாக்கப் பொறுமை இல்லை. அலமாரியிலிருந்த பாட்டிலைப் பிதுக்கி இடது மார்பின் வெளிப்பக்கம் அப்பிக்கொண்டாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாம் காலையில் ஆரம்பித்தது. குளித்துவிட்டு, கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தவள், பக்கச் சுவரில் புதிதாக மாட்டிய கண்ணாடியில் தற்செயலாகத் தன்னைப் பார்த்துவிட்டாள். இடது மார்பின் ஓரத்தில் நான்கைந்து சுருக்கங்கள். பாதி காலியான தண்ணீர் பாக்கெட்டைச் சாய்த்துப் பிடித்தால் வருமே, அந்த மாதிரி. நிமிர்ந்தாள், காணோம். குனிந்தாள், இருந்தன. இப்படியே ஏழெட்டுத் தடவை குனிந்து நிமிர்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஸ்கேல்'. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, பிறகு தைராய்டில் எட்டுக் கிலோ இளைத்து, முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் அதே ஸ்கேல் ஆனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான். சொல்லாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரியாதா? தோளைக் குறுக்கிக் கூன் போட்டே நடந்து நடந்து கழுத்து வலி வந்ததுதான் கண்ட பலன். ஒருநாள் முடிவெடுத்தாள், மார்பில் சிலிக்கான் பை வைத்துக்கொள்வது என்று.

கணவன் ஒரேயடியாகக் குதித்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "நல்லா ஓடிட்டிருக்கற மெஷினை யாராவது திறப்பாங்களா?" என்று ஒரு மாதம் இதே பாட்டு. அவளும் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் சண்டை முற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நானே எடுத்துடறேன், போதுமா? அப்புறம் வாழ்க்கைல இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள். அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வாக்கைக் காப்பாற்றுவதற்காகப் பத்து வருடமாக நாத்தனார் வீட்டு வாசலை மிதிக்காதவள் அவள்.

இப்போது அந்த 'ஏதாவது ஒன்று' வந்துவிட்டதோ என்றுதான் பார்க்கப் படுத்திருக்கிறாள்.

அவள் கருவி பிடித்துப் பழகியது வலது கையில். ஆனால் இயந்திரம் கட்டிலின் வலப்பக்கம் இருக்கிறது, பொத்தான்களை அழுத்த அந்தக் கை வேண்டும். ஆகவே கருவியைப் பழக்கமில்லாத இடது கையில் பிடித்து, கழுத்தை முறுக்கித் திரையைப் பார்த்தாள். கருப்பாக, நிர்மலமாக இருக்க வேண்டிய சிலிக்கான் பைக்குள் ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழே இன்னொன்று. நெளிந்து நெளிந்து.

பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு நாள் காட்டினார்கள். உறை கிழிந்து உள்ளே மடங்கி விழுந்தால் இப்படித்தான் கோடு கோடாகத் தெரியும் என்று. அவள் அன்றாடம் பார்ப்பது வயிறும் கருப்பையும். இம்ப்ளாண்ட் வைத்தவர்களை மொத்தமே நாலு பேரைத்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் பயந்தவளுக்கு அந்த ஒரு நாள் பாடம் போதாதா?

கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. நிறுத்து, அள, சேமி. பதினோரு வருடப் பழக்கம்.

கதவு தட்டப்பட்டது. "ஜெல் அக்கா! அடுத்தவங்க வந்துட்டாங்க!" வரவேற்பு மேசைப் பெண்.

அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஜெல்லைத் துடைத்தது பாதி, துடைக்காதது பாதி. பொத்தானைப் போட்டுக்கொண்டே கைபேசியை எடுத்துக் கணவனுக்குத் தட்டினாள்: 'கிழிஞ்சிடுச்சு. நீங்க சொன்னதுதான் சரி. எடுத்துடறேன்.' அனுப்பிய பிறகு கண்ணில் தண்ணீர் முட்டியது. எட்டே எட்டு மாதம் நிமிர்ந்து நடந்தாள். அதுகூடப் பொறுக்கவில்லையா?

அடுத்து வந்தது நிறைமாதக் கர்ப்பிணி. அவளைப் படுக்க வைத்து, ஜெல்லைத் தடவினாள்.

"ஐயோ, சில்லுனு இருக்குக்கா!"

"மன்னிச்சுக்கோம்மா, சூடு பண்ண மறந்துட்டேன்."

புது ஆளுக்குப் புதுக் கோப்பு திறக்க வேண்டும். பழையதை மூடப் போனவளின் விரல் அப்படியே நின்றது. திரையின் மூலையில் முந்தைய ஆளின் பெயர் இருந்தது. அதன் கீழே: படங்கள், பதின்மூன்று.

பன்னிரண்டு அல்லவா எடுத்தாள்?

சாப்பாட்டுக்கு முன்னால் கடைசியாக வந்தவள் ஒரு வங்கி ஊழியை. இடது மார்பில் சின்னக் கட்டி. ஸ்கேன் முடியும் வரை, "எதாவது இருக்குங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஜெல் அக்கா தன் வழக்கமான பதிலைச் சொன்னாள்: "டாக்டர் சொல்வாங்கம்மா." அந்தக் கோப்பை மூடாமலேயே தான் ஏறிப் படுத்துவிட்டாள். பதின்மூன்றாவது படம் அவளுடையது. சேமித்த மறுநொடியே அது டாக்டரின் அறைக்குப் போயிருக்கும். போதாக்குறைக்கு அந்தப் பெண் ரிப்போர்ட் வாங்க நடைபாதையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நிமிஷம்மா, அப்படியே படுத்திருங்க."

ஜெல் தடவிய வயிற்றோடு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டு அவள் ஓடியது அன்றுதான். நடைபாதைப் பெஞ்சு காலியாக இருந்தது. போச்சு, உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்! டாக்டரின் அறைக் கதவைத் தள்ளினாள்.

டாக்டரை ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் 'உம்மணாமூஞ்சி' என்பார்கள். சிரித்து யாரும் பார்த்ததில்லை. டாக்டர் அம்மா பெரிய திரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்: "ஆபரேஷன் பண்ணிக்கிட்டத ஏன் ஃபார்ம்ல எழுதல? எப்போ வெச்சீங்க?"

"என்னங்க வெச்சேன்?" வங்கிக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு என்னங்க ஆச்சு? கேன்சரா?"

ஜெல் அக்கா வாசலிலேயே நின்றாள். சும்மா இருந்தால் என்ன? 'படம் மாறிப்போச்சு டாக்டர், யாரோடதோ' என்று மழுப்பிவிட்டால்? ஆனால் 'யாரோடது' என்று அடுத்த கேள்வி வருமே. அதைவிட, எதிரில் அந்தப் பெண் பேயறைந்தவள் போல நிற்கிறாளே.

"டாக்டர், கடைசிப் படம் அவங்களோடது இல்ல." என்றாள். "என்னோடது."

டாக்டர் திரையைப் பார்த்தார், அவள் சட்டையில் ஊறியிருந்த ஜெல் கறையைப் பார்த்தார். பிறகு வங்கிக்காரியிடம் திரும்பினார். "உங்களுக்கு வெறும் நீர்க்கட்டிம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். போகிறபோது ஜெல் அக்காவின் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனாள். கோபமா ஆறுதலா, தெரியவில்லை.

கதவு சாத்தியதும் டாக்டர் வெடித்தார். "அறிவிருக்கா உனக்கு? இன்னும் ரெண்டு நிமிஷம் லேட்டாயிருந்தா அந்தப் பொண்ணு ரிப்போர்ட்ல என்ன எழுதியிருப்பேன்? தனக்குத்தானே ஸ்கேன் பண்ணிக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் டாக்டர்."

"கட்டில்ல யாராவது இருக்காங்களா?"

"நிறைமாசம்."

"போ, அவங்கள முடி. முடிச்சுட்டு நீயே அதுல படு. வரேன்."

அந்தக் குழந்தையின் தலையை எப்படி அளந்தாள், இதயத் துடிப்பை எப்படி எண்ணினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கணக்கு மட்டும் சரியாக வந்தது. கர்ப்பிணி எழுந்து போனாள். ஜெல் அக்கா அன்று இரண்டாம் தடவை அந்தக் கல்லு மெத்தையில் தலைவைத்தாள்.

டாக்டர் ஒன்றும் பேசாமல் கருவியை வைத்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அந்த மௌனம் இருக்கிறதே, அதைக் கொடுத்தே பழகியவளுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. டாக்டரின் புருவம் நெரிந்தால் உயிர் போனது. திரை அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

"எதாவது இருக்கா டாக்டர்?" கேட்டேவிட்டாள்.

"சும்மா இரு."

டாக்டர் கருவியைக் குறுக்கே திருப்பினார். மறுபடி நெடுக்கே. விரலால் லேசாக அமுக்கினார். பிறகு திரையை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ ஒரே கோணத்துல பாத்திருக்க, அதுவும் பீச்சாங்கையில. இப்போ பாரு. இந்தக் கோடு எங்கேர்ந்து வருது?"

பார்த்தாள். கோடு உள்ளே தனியாக மிதக்கவில்லை. ஓரத்து உறையிலிருந்து கிளம்பி, உள்ளே போய், மடங்கி, அதே உறையில் வந்து சேர்ந்தது. இரண்டாவது கோடும் அப்படியே.

"கிழிஞ்சிருந்தா ஓரத்தோட ஒட்டு இருக்காது. இது மடிப்பு. நீ நோஞ்சான், மேல மூடறதுக்குச் சதையே இல்ல, அதனால மடிப்பு வெளிய தெரியுது. நிறையப் பேருக்கு வரும். உறை முழுசா இருக்கு. ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயும் காட்டு. அவங்களுக்குச் சந்தேகம்னா எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வாங்க."

"மடிப்பு போயிடுமா?"

"தானா போகாது. உறுத்தினா சரிபண்ண வழி இருக்கு, கேளு. உறுத்தலைன்னா விட்டுடு." டிஷ்யூவை நீட்டினார். "துடைச்சுக்கோ. நாளைக்கு விளக்கம் எழுதிக் குடுக்கணும், மறந்துடாத." வாசலில் நின்று, "இந்தத் தலைமாடு ஏன் இப்படிக் கல்லா இருக்கு? மாத்தச் சொல்லு" என்றார்.

கணவனுக்கு அனுப்பிய செய்தி அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தாள். அவன் எதிரில் நின்றுகொண்டிருந்தான். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறான், கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையில், சர்ஜன் கொடுத்த இம்ப்ளாண்ட் அட்டை இருக்கும் கோப்பு. அதை அவள் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். இவனுக்கு எப்படித் தெரிந்தது?

'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பிப்பான் என எதிர்பார்த்தாள்.

"எல்லாத்தையும் எடுத்தே ஆகணுமா?" என்றான். "அந்த ஓரத்துச் சுருக்கம்தானே? அத நான் நாலு மாசமா பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"நாலு மாசமாவா?" அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "பாத்துட்டு வாயத் திறக்கலையா? நிஜமாவே கிழிஞ்சிருந்தா?"

"போன் பண்ணி அந்த ஆஸ்பத்திரில கேட்டேன், அதுக்குத்தான் இந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். செக்கப்புக்குக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிட்டே வந்தேன். தப்புதான். உன்கிட்ட சொன்னா வாக்குக் குடுத்தேன்னு அன்னிக்கே எடுத்துடுவ. எடுத்துட்டு மறுபடியும் கூன் போட்டு நடப்ப. அத என்னால பாக்க முடியாது."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"என்னதான் ஆச்சு, சொல்லேன்" என்றான். "டாக்டர் சொல்வாங்கன்னு மட்டும் சொல்லிடாத."

"கிழியல. வெறும் மடிப்பு. போகாதாம், அப்படியே இருக்குமாம்."

அவன் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். "இருக்கட்டும்" என்றான். "இருந்துட்டுப் போகட்டும்." கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.