பால்தான் கட்டியிருக்கு

பியாட்றிஸ் குடும்பநல உத்தியோகத்தர். ஊருக்கு மிஸ்ஸி. பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு தாய் சூப்பிப் போத்தலைத் தொட்டால் போதும், அடுத்த மணித்தியாலம் மிஸ்ஸியின் ஸ்கூட்டி அந்த வாசலில் நிற்கும். தாய்ப்பால் கொடுப்பதில் அவளுடைய பகுதிதான் முதலிடம் என்று பணிமனையில் கேடயமும் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெருமைதான் கண்ணை மறைத்தது.

வைகாசியில் தாரிகா மூன்று மாதக் குழந்தையோடு கிளினிக்குக்கு வந்தாள். இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. நோவில்லை.

"பால்தான் கட்டியிருக்கு பிள்ளை. சுடுதண்ணி ஒத்தணம் பிடிச்சு, அந்தப் பக்கமே முதல் குடு."

அடுத்த மாதமும் அதே கட்டி, அதே ஒத்தணம். மூன்றாம் தரம் தாரிகா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒருக்காப் பெரியாஸ்பத்திரியிலை காட்டட்டோ மிஸ்ஸி?"

"அங்கை போனா முதல் வேலையாப் பாலை நிப்பாட்டச் சொல்லுவினம். பிறகு பிள்ளை போத்தலோடைதான்."

தாரிகா தலையாட்டினாள். பிறகு அவள் அளவெட்டியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டி கரைந்திருக்கும் என்று பியாட்றிஸ் தானே முடிவு கட்டிக்கொண்டாள்.

மார்கழியில் புற்றுநோய் பற்றி ஒருநாள் பயிற்சி. இருபத்திரண்டு வருடத்தில் தெரியாததையா இவர்கள் சொல்லப்போகிறார்கள் என்று பியாட்றிஸ் கடைசி வரிசையில் சாய்ந்திருந்தாள். நிரோஜா என்ற இளம் டொக்டர்தான் படிப்பித்தாள்.

"பால் குடுக்கிற தாய்க்குக் கட்டி எண்டா நாங்கள் பால்கட்டு எண்டுதான் நினைப்பம். ரெண்டு கிழமையிலை கரையாட்டி உடனை அனுப்புங்கோ. ஸ்கான் எடுக்கிறதுக்குப் பாலை நிப்பாட்டத் தேவையில்லை."

சாய்ந்திருந்த பியாட்றிஸ் நிமிர்ந்தாள். மத்தியானப் பார்சலைப் பிரிக்காமலே அளவெட்டிக்குப் பஸ் ஏறினாள்.

தாரிகா தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் மருந்து ஏற்றியாயிற்று. ஈரல் வரை போய்விட்டது என்று வாசலிலேயே அவள் தாய் சொல்லிவிட்டாள். மிஸ்ஸியைக் கண்டதும் தாரிகா அவசரமாகச் சூப்பிப் போத்தலைத் தலையணைக்குக் கீழே தள்ளினாள்.

"கோவிக்காதேங்கோ மிஸ்ஸி. மருந்து ஏத்தினதாலை பாலை நிப்பாட்டிப்போட்டன்."

பியாட்றிஸ் கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"பிழை என்ரைதான், பிள்ளை. மூண்டு தரம் வந்தனீ. மூண்டு தரமும் நான்தான் திருப்பி அனுப்பினனான்."

தாரிகா குழந்தையின் சட்டையை இழுத்து விட்டாள்.

"தெரியும் மிஸ்ஸி. ஏன் இவ்வளவு பிந்தினனீங்கள் எண்டு டொக்டர் கேட்டவர். பயத்திலை நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை எண்டு சொல்லிப்போட்டன். உங்கடை பேரைச் சொல்லேல்லை."

சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று பியாட்றிஸுக்கு இருந்தது.