எண் போட்ட இசைத்தட்டு

இசைத்தட்டுத் தொழிற்சாலையில் அவளுக்குக் கேட்பதுதான் வேலை. இயந்திரத்திலிருந்து சூடாக வரும் தட்டுகளில் இருபதுக்கு ஒன்றை எடுத்து, ஹெட்போன் மாட்டிக் கேட்டு, கரகரப்பு இருந்தால் கழித்துவிடுவாள். பதினோரு வருஷப் பிழைப்பு. அங்கே எல்லாருக்கும் அவள் 'பாம்புக்காது'.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் கூடத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தி, அக்காவின் தையல் மெஷினை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டை நிறுத்தியிருந்தார்.

"செருப்போட மூச்சையும் வெளியில விட்டுட்டு வா," என்றார். வெள்ளைக் கையுறை மாட்டி ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். "ஸ்பெஷல் பதிப்பு. அட்டையில எண் போட்டிருக்கு, பாரு. பத்து மடங்கு விலை. மூணு வாங்கிட்டேன்."

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அத்தான் தொடையில் தாளம் போட்டு ரசித்தார். இரண்டாவது பாட்டில், வயலினுக்கு அடியில், மெல்லிய உரசல் ஒன்று வந்தது. அவளுக்கு முகம் சுருங்கியது. போன மாசம் சாதாரணத் தட்டுகளில் கேட்ட அதே உரசல். அச்சை மாற்றச் சொல்லி அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். மாற்றுவதற்குப் பதில் அட்டையை மாற்றியிருக்கிறார்கள்.

அத்தானைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். "அதே அச்சு அத்தான். அட்டைதான் கனம். திருப்பிக் கொடுத்துடுங்க."

அவர் அசரவில்லை. "எனக்கு மட்டும் தெரியாதா? ரெண்டை டபுள் விலைக்குத் தள்ளப் போறேன். இப்ப ஆள் வர்றார். நீ வாயை மூடிக்கிட்டு இரு."

கேட்டு ரசித்ததெல்லாம் நடிப்பு!

வந்தவர் ஒரு பல் டாக்டர். கண்ணை மூடி, தலையை ஆட்டி, "அடடா, பாடறவங்க பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு!" என்று உருகினார்.

அவளால் பொறுக்க முடியவில்லை. "டாக்டர், நான் அந்தத் தொழிற்சாலையிலதான் இருக்கேன். கடையில கிடைக்கிற சாதாரணத் தட்டும் இதுவும் ஒண்ணுதான். ஏமாறாதீங்க."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா, "ஏன்டி மானத்தை வாங்கற?" என்று பல்லைக் கடித்தாள்.

டாக்டரோ மலர்ந்துபோனார். "நீங்க அங்கேயா வேலை பாக்கறீங்க? அப்ப அட்டையில ஒரு கையெழுத்து போடுங்களேன். மதிப்பு கூடும்!"

அடுத்த நொடி அத்தான் பேனாவோடு நின்றார், வாயெல்லாம் பல்லாக.

பேனாவையும் பார்த்தாள், அந்த வெள்ளைக் கையுறையையும் பார்த்தாள். மூன்று பேரையும் உலுக்க வேண்டும் போலிருந்தது. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

மறுநாள் அக்கா போனில் சிரித்தாள். "நீ போனா என்ன? உன் பேரை அத்தானே எழுதிட்டார். ரெண்டையும் வாங்கிட்டுப் போயிட்டார் டாக்டர்."

அவள் போனை வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டி அடுத்த தட்டை எடுத்தாள்.