பாதிக் கணக்கு

பல்கலைக்கழகம் சிறந்த கற்பித்தலுக்கான ஃபெல்லோஷிப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. ‘உங்கள் கற்பித்தல் முறையை விளக்குக’ என்று படிவத்தில் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கத்தித் தொண்டை போனதுதான் முறை என்று எழுதலாம் போல எரிச்சல் வந்தது.

கூடவே அதே உறையில் என் பழைய மாணவி ஜெஸ்லினின் பரிந்துரைக் கடிதம். இப்போது துறைமுகத்தில் இன்ஜினியர்.

‘அப்பாவின் தோணி மாலத்தீவிலிருந்து திரும்பும் நாளில் பிளாரன்ஸ் மிஸ் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுவார். “ஏளா, அப்பாவைப் போய்ப் பாத்துட்டு வா. மீதிய நாளைக்குச் சேந்து போடுவோம்” என்பார். அதுவரை போர்டை யாரும் அழிக்கக்கூடாது.’

மாடி வகுப்பும், ஜன்னலில் தெரிந்த பாய்மரமும், படிகளில் அவள் ஓடிய சத்தமும் திரும்பி வந்தன.

உண்மை எனக்குத்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதிக் கணக்குக்கு மேல் எனக்கே வழி தெரியாது. தோணி வந்தால் தப்பித்தேன். வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் வருவேன்.

பிறகு எல்லாக் கணக்கும் மனப்பாடமாகிவிட்டது. எந்தத் தோணிக்காகவும் நான் நிறுத்தவில்லை.

உறையில் மற்ற கடிதங்களைத் தேடினேன். நிறுத்தாமல் போட்ட அந்த வருஷங்களின் பிள்ளைகள் ஒருவரும் எழுதியிருக்கவில்லை.