ஒத்தத் தகடா, ரெண்டு தகடா

ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் துவாஸ், காக்கி புக்கிட் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வருகிற நம் ஊர் ஆட்கள் உமாமகேஸ்வரி நிற்கிற கவுண்டரைத்தான் தேடி வருவார்கள். விலை மலிவு என்றெல்லாம் இல்லை. உள்ளதைச் சொன்னால் பக்கத்துக் கடையில் இன்னும் மலிவு. உமாக்கா கேள்வி கேட்பாள், அதுவும் தமிழில் கேட்பாள், அதுதான் காரணம்.

கேள்வி என்றால் ஒன்றிரண்டு இல்லை. காந்தத்தால் இரும்பில் ஒட்டிக்கொண்டு துளை போடுகிற மேக்னெட் டிரில்லுக்குக் கட்டர் வேண்டும் என்று வாயைத் திறந்தவன் நாலு பதில் சொல்லாமல் சாமானைக் கண்ணால் பார்க்க முடியாது. என்ன இரும்பு? எத்தனை மில்லி கனம்? ஒத்தத் தகடா, ரெண்டு சேர்த்ததா? இரும்பு படுத்திருக்கிறதா, நிற்கிறதா, தலைக்கு மேலேயா? பதில்களைக் கட்டர் இருக்கும் பிளாஸ்டிக் குழாயின் மேலேயே கறுப்பு மார்க்கரால் எழுதிக் கொடுப்பாள். வாங்கினவன் ஒருவன், மாட்டுகிறவன் ஒருவனாக இருப்பானே, அவனும் படித்துவிட்டு மாட்டட்டும் என்றுதான். "பொண்ணு பாக்க வர்றவங்க கூட இவ்ளோ கேக்க மாட்டாங்கக்கா" என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த கேள்விக்குப் போவாள். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான்.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் கேட்கவில்லை.

அன்று வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். மணி மூன்று. நாலரைக்குக் காத்தோங்கில், சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலில், அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அண்ணி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். அப்போதுதான் இளமாறன் கவுண்டருக்கு வந்தான். அறந்தாங்கிக்காரன், முப்பத்தொரு வயது, சின்ன இரும்பு வேலைக் கம்பெனி ஒன்றில் துளை போடுகிறவன். மூன்று வருஷமாக அவளிடம்தான் வாங்குகிறான். துணியில் சுற்றி வைத்திருந்த உடைந்த கட்டரை எடுத்துக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்தான்.

"இதே மாதிரி ஒண்ணு குடுங்கக்கா. இருபத்திரண்டு மில்லி."

வேறொரு நாளாக இருந்தால் இது எப்படி உடைந்தது என்பதிலேயே ஆரம்பித்திருப்பாள். கட்டர் தானாக உடையாது. அன்றோ அளவு பார்த்தாள், இழுப்பறையைத் திறந்தாள், அதே மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மார்க்கரின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. அவனும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். அவள் நேரத்துக்குக் காத்தோங் போய்ச் சேர்ந்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாவற்றிலும் நன்றாகவே சிரித்திருக்கிறாள்.

புதன்கிழமை அப்துல் கையூம் கடைக்கு வந்தான். இளமாறனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். கையுறை வாங்க வந்தவன் வாங்காமலே நின்றான்.

"இளமாறனுக்குத் திங்கக்கிழமை அடிபட்டுருச்சுக்கா. வலது கையில ரெண்டு வெரலு போயிருச்சு."

எப்படி என்று கேட்டாள். அவன் சொன்னான். நிற்கிற இரும்புத் தூண். அதன்மேல் இன்னொரு தகடு வைத்து இறுக்கி, இரண்டையும் சேர்த்துத் துளை போடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தகட்டைக் கட்டர் சுலபமாக வெட்டிவிட்டது. இரண்டாவதில் இறங்கும்போது இறுகிக்கொண்டது. காந்தம் தூணை விட்டுவிட்டது. கட்டர் உள்ளே மாட்டியிருக்க, மிஷின் உடம்பே சுற்றியிருக்கிறது. அந்தக் கைப்பிடிதான் அடித்தது. மிஷினுக்குச் சங்கிலி போட்டிருந்ததால் அது கீழே நின்றவன் தலையில் விழவில்லை.

உமாவுக்கு மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டர் என்பது உள்ளே கூடாக இருக்கும். வட்டமாக ஓரத்தை மட்டும் வெட்டும். நடுவிலிருக்கிற இரும்பு வில்லையாக அப்படியே நிற்கும். ஒற்றைத் தகடென்றால் கடைசியில் வில்லை கழன்று விழுந்துவிடும். இரண்டு தகடென்றால் முதல் வில்லை கட்டருக்குள்ளேயே கிடந்து சுற்றும், அடுத்ததை வெட்ட விடாது. இரண்டு தகட்டுக்கு உள்ளே கூடில்லாத முழு டிரில் பிட்தான் சரி. இதற்காகத்தான் மூன்றாவது கேள்வியே. ஒத்தத் தகடா, ரெண்டு தகடா என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், எடுத்த கட்டரைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு பிட்டைக் கொடுத்திருப்பாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளால் கை வைக்க முடியவில்லை. சோற்றைப் பிசைகிற விரல்களைப் பார்க்கவே கூசியது. கடைசியில் கரண்டி எடுத்து இரண்டு வாய் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இளமாறனுடைய கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பிரபாகர் என்று பெயர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நாற்பதுக்குள்தான் இருக்கும். கடை முதலாளி மிஸ்டர் கோவும் பின்னால் வந்து நின்றுகொண்டார். பிரபாகர் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"இது உங்க கடை கட்டரோட டியூப்தானேக்கா?"

அதன்மேல் கறுப்பு மையில் தமிழில் எழுதியிருந்தது. 'சாதா இரும்பு. 20 மில்லி கனம். ஒத்தத் தகடு. படுத்தது.' எழுத்துகள் கோணல்மாணலாக ஏறியும் இறங்கியும் கிடந்தன. 'ழ'வா 'டு'வா என்று தெரியாத ஓர் எழுத்து. அது அவள் கையெழுத்து இல்லை. எழுதிப் பழகாத கை எழுதியது. வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதியது யார் என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இளமாறனும் இதேதான் சொல்றாரு," என்றார் பிரபாகர். "அக்கா எல்லாம் கேட்டாங்க, நான்தான் அவசரத்துல தப்பா சொல்லிட்டேன்னு. ஜஸ்ட் கன்ஃபர்ம் பண்ணிக்கலாம்னு வந்தேன். நீங்க எழுதுனதுதானே?"

"ஷி ஆல்வேஸ் ஆஸ்க் ஒன் லா," என்றார் முதலாளி பின்னாலிருந்து. எப்போதும் கேட்டுத்தான் கொடுப்பாள் என்று பெருமையாகத்தான் சொன்னார்.

உமா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை, தலைதான் ஆடியது. வாய் திறக்காவிட்டால் பொய் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"அப்ப கேஸ் ஸ்ட்ரெயிட்தான்," என்று பிரபாகர் நோட்டை மூடினார். "வொர்க்கர் மிஸ்டேக். பாவம், நல்ல ஆளு. இனிமே மிஷின் பக்கம் விடமாட்டாங்க. வொர்க் பெர்மிட் முடிஞ்சதும் ரினியூ பண்ணுவாங்களான்னு தெரியல. திங்கக்கிழமை ரிப்போர்ட் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு லீவு சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், ஃபேரர் பார்க் திடலுக்கு வருவான் என்று கையூம் சொல்லியிருந்தான். திடலில் வழக்கம்போலக் கூட்டம். கும்பல் கும்பலாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இளமாறன் ஒரு மரத்தடியில் தனியாக இருந்தான். வலது கை வெள்ளைக் கட்டோடு மடியில் கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அவனுக்கு முன்னால் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த டியூப்புல ஏன் எழுதுன?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "எடது கையில ரொம்ப மோசமா இருந்துச்சாக்கா?"

"இளமாறா."

"உங்கள மாட்டிவிடக் கூடாதுன்னுதான். கையூம்ட்ட டியூப்பு இருந்த பைய எடுத்தாரச் சொல்லி எழுதுனேன். உங்கள வேலைய விட்டு எடுத்துட்டா அங்க வேற யாருக்கா நமக்குத் தமிழ்ல கேட்டுக் குடுப்பா?"

"நான் கேக்கலயே தம்பி. உனக்கு நான் கேக்கலயே."

"தெரியும். அப்பவே தெரியும்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சூப்பர்வைசரு ஒடஞ்சதக் கையில குடுத்து, இதே மாதிரி வாங்கிட்டு ஓடியான்னாரு. ரெண்டு தகடுன்னு உங்ககிட்ட சொன்னா வேற பிட்டுதான் குடுப்பீங்க. அதக் கொண்டு போனா அந்தாளு கத்துவாரு. நீங்க ஒண்ணும் கேக்காம எடுத்து வச்சதும், அப்பாடா தப்பிச்சோம்னு நெனச்சேங்க்கா. அப்ப என் மேலயும் தப்புதானே? அதான் எழுதுனேன்."

"நான் கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இப்படியும் ஒரு கேள்வியா என்கிற மாதிரி இருந்தது அவன் முகம். "உங்ககிட்டயா? ரெண்டு தகடுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டதும் அவளுக்குள் மிச்சமிருந்த சமாதானமும் போய்விட்டது. பயந்தவன் வாயைத் தானாகத் திறக்க மாட்டான். திறக்க வைப்பதற்குத்தான் அவள் அங்கே நிற்கிறாள். மேஸ்திரி கத்துவான் என்று விழுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் பதில் வாங்கியிருக்கிறாள். கைப்பையிலிருந்து போனையும் பிரபாகர் கொடுத்துவிட்டுப் போன கார்டையும் எடுத்தாள்.

"வேணாங்க்கா," என்றான் இளமாறன். "எனக்குப் போனது போனதுதான். நீங்க எதுக்கு?"

அவள் கேட்கவில்லை. பிரபாகர் எடுத்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, நான் உமாமகேஸ்வரி பேசுறேன். அந்த டியூப்புல இருக்கிறது என் கையெழுத்து இல்ல. நான் இளமாறன்கிட்ட அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. அவரும் தப்பா எதுவும் சொல்லல. வெள்ளிக்கிழமை நான் தலையாட்டுனது பொய்."

பிரபாகர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, இது ரிப்போர்ட்ல அப்படியே போகும். உங்க பாஸ் என்ன செய்வாருன்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"அப்ப டியூப்புல எழுதுனது யாரு?"

உமா இளமாறனைப் பார்த்தாள். இளமாறன் குனிந்து, அவள் கையிலிருந்த போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தான். "நான்தான் சார். பின்னாடி எழுதுனேன்."

"சூப்பர்வைசர் சொன்னதயும் சொல்லு," என்றாள் உமா. அவன் தயங்கினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னான். ரெண்டு தகடு என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும் என்பதையும், முதல் கட்டரும் அப்படித்தான் உடைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டான்.

பிரபாகர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "சரிக்கா. நீங்க ஏன் கேக்காம குடுத்தீங்கன்னு ரீசன் போடணும். சண்டே ரொம்ப கூட்டம்னு போட்டுடட்டுமா?"

நல்ல மனுஷன். தப்பிக்க வழி காட்டுகிறார். உமா வேண்டாம் என்றாள்.

"கூட்டம் வாரா வாரம்தான் தம்பி. என் அண்ணன் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு நேரமாயிடும்னு கேக்கல. கேட்டிருந்தா ஒரு நிமிஷம் ஆயிருக்கும். அப்படியே போடுங்க."

போனை வைத்தபோது இளமாறன் முகத்தை இடது கையால் மூடிக்கொண்டிருந்தான். அடிபட்ட நாளிலிருந்து அவன் அழவே இல்லை என்று கையூம் அவளிடம் சொல்லியிருந்தான். டாக்டரிடமும், கம்பெனிக்காரர்களிடமும், ஊரில் இருக்கிற மனைவியிடமும், என் தப்புதான், என் தப்புதான் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தானாம். இப்போது தோள் குலுங்க அழுதான். பக்கத்தில் போன் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உமா தேற்றவில்லை. தேற்றுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள். எழுந்து போகவும் இல்லை. அவன் அழுது முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.